9 பேர் உள்ள போலீஸ் துறைக்கு பாடி கேமரா: எந்த மானியம், எவ்வளவு ஸ்டோரேஜ்?

கேள்வி

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒரு கிராமப்புற ஊர். 9 முழுநேர அதிகாரிகள். போலீஸ் அதிகாரிகள் பாடி கேமரா அணிவதைக் கட்டாயமாக்கிய மாநிலத்தின் சேஃப்-டி சட்டத்தின்படி எங்களைப் போன்ற சின்ன ஊர்களுக்கான கெடு 2025 ஜனவரி 1. இப்போது இருப்பவை பக்கத்துத் துறை கொடுத்த பழைய கேமராக்கள். அவற்றை மாற்ற வேண்டும். ஃபெடரல் மைக்ரோ கிராண்ட், மாநில மானியம், ஜேஏஜி (ஜஸ்டிஸ் அசிஸ்டன்ஸ் கிராண்ட் எனும் இன்னொரு ஃபெடரல் மானியம்) என மூன்றைச் சொல்கிறார்கள். எதில் தொடங்குவது? கேமரா கம்பெனி 5 வருட ஒப்பந்தம் ஒன்றைத் தருகிறது. அதை அப்படியே விண்ணப்பத்தில் போடலாமா?

மானியக்கணக்கு என்பவரின் பதில்

முதலில் ஒன்று: கையெழுத்துப் போட்டுவிட்டு மானியம் தேடாதீர்கள். ஃபெடரல் மானியம் கிடைப்பதற்கு முன் வாங்கிய பொருளுக்குப் பொதுவாகப் பணம் வராது. ஊர் பட்ஜெட்டில் கேமராவுக்கென்று ஏற்கெனவே ஒதுக்கிய தொகையை எடுத்து வேறு செலவுக்குத் திருப்பிவிட்டு, அந்த இடத்தில் ஃபெடரல் பணத்தை வைப்பதும் கூடாது. தணிக்கையில் மாட்டுவது பெரும்பாலும் இதில்தான்.

சிறிய, கிராமப்புற, பழங்குடித் துறைகளுக்காக அமெரிக்க நீதி அமைச்சகத்தின் பிரிவான பீரோ ஆஃப் ஜஸ்டிஸ் அசிஸ்டன்ஸ் நடத்தும் மைக்ரோ கிராண்டில் ஒரு கேமராவுக்கு 2,000 டாலர் வரை கேட்கலாம். 9 கேமரா என்றால் 18,000. அதற்குச் சமமாக உங்கள் பங்கு 18,000. பணமாகவோ உழைப்பாகவோ காட்டலாம். ஆனால் பயிற்சி நேரத்தை வைத்தே சமாளித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். 9 பேர் × 8 மணி × 40 டாலர் = 2,880தான் வருகிறது. மீதிக்கு ஊர் கட்டும் ஸ்டோரேஜ் கட்டணத்தைக் கணக்கில் காட்டுவதே நடைமுறைக்கு ஒத்தது. டைம்ஷீட் முதல் நாளிலிருந்தே இருக்கட்டும். தொகையும் தகுதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்த ஆண்டு அறிவிப்பை வைத்தே பட்ஜெட் போடுங்கள்.

ஜேஏஜியில் நம் பங்கு எதுவும் போட வேண்டியதில்லை. கேமராவுக்கான எழுத்துப்பூர்வ விதிமுறை துறையிடம் இருக்கிறது என்று சான்று கொடுக்க வேண்டும். இந்த அளவுத் துறைக்கு அது பெரும்பாலும் மாநிலத்தின் வழியாகத்தான் வரும். இல்லினாயில் அதைத் தருவது கிரிமினல் ஜஸ்டிஸ் இன்ஃபர்மேஷன் அத்தாரிட்டி. மாநிலக் கேமரா மானியம் லா என்ஃபோர்ஸ்மென்ட் ட்ரெய்னிங் அண்டு ஸ்டாண்டர்ட்ஸ் போர்டு தருவது. கெடு முடிந்த நிலையில் அதைத்தான் முதலில் தட்டுவேன்.

5 வருட ஒப்பந்தத்தில், மானியக் காலத்துக்குள் அடங்கும் வருடங்களை மட்டும் தனி வரியாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். மொத்தமாக ஒரே விலை போட்ட கொட்டேஷன் திரும்பி வரும்.

ஃபெடரல் மானியத்துக்குப் பதிய வேண்டிய அரசுத் தளமான சாம்.கவ்-இல் உங்கள் பதிவை இன்றே பாருங்கள். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். வேலையை விட்டுப் போன பழைய கிளார்க்கின் மின்னஞ்சலில் அந்தக் கணக்கு மாட்டிக்கொண்டிருக்கும். அதை மீட்கவே வாரக்கணக்கில் ஆகும்.

டெராபைட் என்பவரின் பதில்

பழைய கேமராக்களை மாற்றுவது நல்லதுதான். இல்லினாய் சட்டப்படி கேமரா 10 மணி நேரமாவது பதிவு செய்ய வேண்டும். பட்டனை அழுத்துவதற்கு முந்தைய 30 விநாடியும் அதில் இருக்க வேண்டும். வருடங்கள் ஓடிய பேட்டரி 10 மணி நேரம் தாங்குவது சந்தேகமே.

ஹைக்விஷன், டாஹுவா, ஹைட்டெரா கருவிகளை ஃபெடரல் மானியத்தில் வாங்க முடியாது. வேறு பெயரில் விற்கும் மலிவு கேமராவை யார் தயாரித்தது என்று எழுத்தில் கேளுங்கள்.

இனி ஸ்டோரேஜ். விநாடிக்கு 4 மெகாபிட் (எம்பிபிஎஸ்) வேகத்தில் ஒரு மணி நேர வீடியோ 1.8 ஜிபி. 9 பேர், ஆளுக்கு வருடம் 200 ஷிஃப்ட், ஷிஃப்டுக்கு 3 மணி நேரம் என்றால் 5,400 மணி நேரம், ஏறக்குறைய 9.7 டிபி. எதையும் அழிக்காவிட்டால் 5 வருடத்தில் 48 டிபியைத் தாண்டும். அழித்தால்? கொடி போடாத (முக்கியம் என்று குறிக்காத) பதிவுகளை 90 நாள் வைத்துவிட்டு அழிக்கச் சொல்கிறது சட்டம். புகார், பலப்பிரயோகம், கைது போன்றவற்றில் கொடி போட்டவை குறைந்தது 2 வருடம். ஐந்தில் ஒரு பங்குக்குக் கொடி என்று வைத்தாலும் நிலையான தேவை 6 டிபிக்குள் நிற்கும். வழக்கில் சிக்கிய வீடியோ முடிவு வரும்வரை கிடக்கும் என்பதால் 8 கேளுங்கள்.

இந்த வித்தியாசம் முழுக்க, அதிகாரி ஷிஃப்ட் முடிவில் ஒவ்வொரு வீடியோவுக்கும் கைது, புகார் என்பதுபோல் சரியான வகையைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. வகை போடாத வீடியோவை 'எப்போதும் வைத்திரு' என்று விட்டுவைக்கும் அமைப்புகள் உண்டு. அப்படி இருந்தால் பில் ஏறும், சட்டமும் மீறப்படும். அவசரத்தில் தவறான வகை போட்டால் கைது வீடியோ 91ஆம் நாள் காணாமல் போகும்; அது இன்னும் மோசம். மேற்பார்வையாளர் வாரம் ஒருமுறை வகை போடாதவற்றின் பட்டியலை எடுத்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. எங்கள் ஸ்டேஷன் அப்லோட் வேகம் 10 எம்பிபிஎஸ்தான். போதுமா?

டெராபைட்

ஒரே ஷிஃப்டில் 3 பேர் இறங்கினால் 16.2 ஜிபி. 10 எம்பிபிஎஸ் முழுதாகக் கிடைத்தாலே 3 மணி 36 நிமிடம். பகலில் ரிப்போர்ட் எழுதும் கணினிகள் திணறும். டாக்கில் (கேமராவைச் சொருகி வீடியோவை ஏற்றும் கருவி) வேக வரம்பு வைத்து இரவில் ஏற்றுங்கள். ஆனால் டாக்கில் இருக்கும் கேமராவை அடுத்த ஷிஃப்ட்காரர் எடுத்துக்கொண்டு போனால் அப்லோட் பாதியில் நிற்கும். ஆளுக்கு ஒரு கேமராவும், 1 உபரியும், ஆக 10 வாங்குங்கள்.