விவசாயிகளே விற்கும் கீரை வடசென்னையில் எங்கே கிடைக்கும்?

தண்டையார்பேட்டையில் குடியிருக்கிறோம். சித்திரை பிறந்ததிலிருந்து, காலையில் வாங்கும் கீரை மாலைவரைகூடத் தாங்குவதில்லை. அரைக்கீரைக் கட்டைப் பிரித்தால் மேலே பச்சை. நடுவே கறுத்து, வழவழவென்று அழுகல். தண்ணீர் தெளித்துத் தெளித்தே விற்கிறார்கள். அம்மாவுக்கு இரத்தசோகை, கீரையை நிறுத்த முடியாது.

தெருவில் வரும் தள்ளுவண்டி, பக்கத்து மார்க்கெட் இரண்டிலும் அதே கதைதான். கோயம்பேட்டில் சரக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தாலும் பஸ்ஸில் வீடு சேர்வதற்குள் வாடிவிடுகிறது. 1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை போல, விளைவித்தவரே விற்கும் இடம் வேண்டும். விலை கூடினாலும் பரவாயில்லை. மீஞ்சூர், பொன்னேரி பக்கம் இன்றும் விவசாயம் நடக்கிறதே!

வியாசர்பாடிக்கும் திருவொற்றியூருக்கும் இடையில் விவசாயிகள் நேரடியாகக் கீரை கொண்டுவந்து விற்கும் இடம் எது, எத்தனை மணிக்கு வருகிறார்கள்?