அரிக்கமேடு: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

தோப்புவாசி
புதுச்சேரிக்குத் தெற்கே இருக்கும் பழைய துறைமுகமான அரிக்கமேட்டில், தோப்புக்குள் நிற்கும் செங்கல் சுவரைப் படமெடுத்து ‘ரோமானியர் பண்டகசாலை’ என்று போடுகிறார்கள். யாராவது நிறுத்தச் சொல்லுங்கள். அது 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மிஷனரிகள் கட்டியதன் மிச்சம். 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் கண்டெடுத்து, பண்டகசாலையாக இருக்கலாம் என்று சொன்ன கட்டடம் ஏறக்குறைய 45 மீட்டர் நீளம். அது மண்ணுக்குள் இருக்கிறது. அகழ்ந்த குழியை மூடிவிடுவதுதான் முறை. சுவருக்கு முன்னால் ஒரு குடும்பமே வரிசையாக நின்று, ‘ரெண்டாயிரம் வருஷம்டா’ என்று பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தது. காலடியில் கிடந்த பானை ஓட்டுச் சில்லுக்குத்தான் அந்த வயது. ஒருவரும் குனியவில்லை.

ஆற்றங்கரை
குனிந்தாலும் எதைப் பார்ப்பது என்று தெரிய வேண்டுமே. அரியாங்குப்பம் ஆறு கரையை அரிக்கும் இடத்தில், மழை விட்ட மறுநாள், ஒரு கைப்பிடித் துண்டு மண்ணிலிருந்து துருத்திக்கொண்டிருந்தது. தடித்த, சொரசொரப்பான ஓடு. உடைந்த விளிம்பில் மிளகுப்பொடி தூவியது போலக் கருமணல். ஆம்போராதான், அதாவது மது, எண்ணெய் ஏற்றிவரும் இரட்டைக் கைப்பிடிச் சாடி. இத்தாலியின் கம்பானியா எரிமலைப் பகுதியில் வனைந்த சாடிகளுக்கு அந்தக் கருமணல்தான் அடையாளம். உள்ளே மரப்பிசின் பூசியிருப்பார்கள். இல்லாவிட்டால் திராட்சை மது சுவர் வழியே கசிந்துவிடும்.

கைப்பிடியே இல்லாமல், உட்புறம் கறுப்பாகத் தார் பூசியிருந்தால் அவசரப்படாதீர்கள். அது மெசபடோமியப் பக்கத்து டார்பிடோ சாடியாக இருக்கலாம். இந்தியக் கடற்கரைத் தளங்களில் ரோமானியச் சாடி என்று சீட்டு ஒட்டிய ஓடுகள் சிலவற்றுக்குப் பிறகு சீட்டை மாற்ற வேண்டி வந்தது இப்படித்தான்.

சில்லாக்கு
ஆம்போரா, ரோம்... இதையே எத்தனை நாள் சொல்வது? அரிக்கமேட்டின் முகம் ரௌலட்டட் தட்டு. சாம்பல் கலந்த கறுப்பு, மெல்லிய சுவர், உள்நோக்கி வளைந்த விளிம்பு. தட்டின் நடுவில் வட்டம் வட்டமாகப் பொடிப்பொடிக் குழிகள். நகத்தால் தட்டினால் உலோகம் போல ஒலிக்கும். அந்த ஒலியை ஒருமுறை கேட்டால் மறக்காது. இதுவும் மத்தியதரைக் கடலிலிருந்து வந்த சரக்கு என்றே வீலர் எண்ணினார். களிமண்ணைப் பின்னாளில் எக்ஸ்-கதிர் முறையில் சோதித்தபோது வங்கத்துக் கங்கைச் சமவெளியைக் கைகாட்டியது. இதே தட்டு ஜாவாவிலும் பாலியிலும் கிடைக்கிறது. மேற்கே பார்த்த துறைமுகம் என்று மட்டும் சொன்னால் பாதிக் கதைதான்.

வீலரை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. அரிட்டைன் என்ற இத்தாலியச் சிவப்புக் கலத்தின் காலம் முன்பே தெரிந்திருந்தது. அது கிடந்த மண் அடுக்கைப் பிடித்துக்கொண்டுதான் கூடவே கிடந்த நம் ஓடுகளுக்குக் காலம் போட முடிந்தது. ஆனால் ஊரே ரோமானியர் வந்த பிறகு எழுந்தது என்பது நிற்கவில்லை. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் செய்த அகழாய்வு குடியிருப்பை அதற்கு முன்னாலும் பின்னாலும் நீட்டிவிட்டது.

பாசிமணி
ஓட்டுச் சண்டையில் மணியை மறந்துவிட்டீர்கள். துளையிடும்போது பாதியில் பிளந்த ஒரு கல்மணி; இரண்டு முனையிலிருந்தும் வந்த துளைகள் நடுவில் சந்திக்காமல் விலகிப் போயிருந்தன. முழு மணி வெளியூரிலிருந்தும் வந்திருக்கலாம். இப்படிக் கழித்துப் போட்டது பட்டறை இருந்த இடத்தில்தான் கிடக்கும்.

கண்ணாடி மணி வேறு வேலை. உருகிய கண்ணாடியை இரும்புக் குழாயின் முனையில் உருண்டையாகச் சேர்த்து, உள்ளே கம்பி செலுத்திக் குடைந்து, உலையின் வாயிலிருந்து நீளக் குழலாக இழுப்பார்கள். குழலைப் பொடியாக வெட்டிச் சாம்பலில் கலந்து மறுபடி சூடேற்றினால் முனை மழுங்கி உருண்டையாகும். சாம்பல் சேராவிட்டால் துளை அடைபடும், மணிகள் ஒட்டிக்கொள்ளும். செங்கல் சிவப்பு நிறம்தான் கடினம்: அதற்குச் செம்பு சேர்ப்பார்கள், உலையில் காற்று குறைவாக இருக்க வேண்டும். காற்று புகுந்தால் அதே செம்பு பச்சை, நீலம் என்று திரும்பிவிடும். ஆந்திராவில் பாப்பாநாயுடுபேட்டையில் இந்த இழுப்பு முறை இருபதாம் நூற்றாண்டிலும் நடந்தது.

சோதிக்க ஒரு லென்ஸ் போதும். கண்ணாடிக்குள் இருக்கும் குமிழ்கள் துளையோடு இணையாக நீண்டிருந்தால் இழுத்த மணி. துளையைச் சுற்றி வளைந்திருந்தால் கம்பியில் சுற்றிய மணி. 5 மில்லிமீட்டருக்கும் சிறியவற்றுக்குப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வாங்குங்கள். வெயிலுக்கு நேரே பிடிக்காமல், பக்கவாட்டு வெளிச்சத்தில்...

தோப்புவாசி
ஐயா, நான் சுவரைப் பற்றித்தான் சொன்னேன்.

ஆற்றங்கரை
லென்ஸை அங்கே கொண்டுபோய் மணி பொறுக்கச் சொல்கிறீர்களா? தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் அது, ஒரு சில்லைக்கூட எடுக்கக் கூடாது. அடுக்கிலிருந்து பிரிந்த ஓடு எந்தக் காலத்தது என்று பிறகு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பக்கத்தில் ஒரு பேனாவை அளவுக்கு வைத்துப் படமெடுத்துவிட்டு அப்படியே விடுங்கள். மணியைப் பார்க்கப் புதுச்சேரி அருங்காட்சியகம் இருக்கிறது. முதலில் அங்கே போங்கள், கண் பழகிய பிறகு கடலூர் சாலை வழியாக அரியாங்குப்பம் போய்க் கிழக்கே திரும்புங்கள்.