மாருதி 800 பின் பேனல் துரு: பேட்ச் போதுமா, முழுசா மாத்தணுமா?

குன்னூர்_800
2006 மாடல் 800. டிக்கி கதவுக்குக் கீழே, பம்பர் மறைக்கிற பேனல்ல இடது ஓரமா ரெண்டு ஓட்டை, விரல் நுழையுது. நடுவுல பெயின்ட் கொப்புளம் கொப்புளமா எழும்பியிருக்கு. மழை பெஞ்சா டிக்கி மேட் நனைஞ்சு கிடக்கு. ஷெட் கிடையாது, வண்டி கற்பூர (யூக்கலிப்டஸ்) மரத்தடியிலதான் நிக்கும். ஒரு பட்டறையில தகடு வெச்சு பட்டி போட்டுடலாம், ரெண்டு நாள் வேலைங்கிறாங்க. இன்னொரு இடத்துல பேனலையே வெட்டி எடுத்துட்டு வேற போடணும்ங்கிறாங்க. எது சரி? இன்சூரன்ஸ்ல கிடைக்குமா? இந்த ஐப்பசி மழையிலேயே பெயின்ட் அடிக்கலாமா?

தகரவேலை_மேட்டுப்பாளையம்
இன்சூரன்ஸை மறந்துடுங்க. துரு தேய்மானக் கணக்குல போயிடும்.

வெளியே தெரியுற ஓட்டையை வெச்சு முடிவு பண்ணாதீங்க. பேனலோட அடி மடிப்பும் டிக்கி தரைத் தகட்டோட விளிம்பும் ஒண்ணு மேல ஒண்ணா ஸ்பாட் வெல்ட் (புள்ளி புள்ளியா ஒட்டுற வெல்டிங்) ஆகியிருக்கும். தண்ணி அந்த இடுக்குல தங்கி உள்ளேயிருந்து அரிச்சுக்கிட்டு வருது. கொப்புளம் இருக்கிற இடத்துல பின்பக்கம் தகடு பெரும்பாலும் போயிருக்கும், பெயின்ட்தான் நிக்குது. மேட்டையும் பம்பரையும் கழட்டிட்டு, பழைய ஸ்க்ரூடிரைவரால அங்குலத்துக்கு ஒரு குத்து குத்திக்கிட்டே போங்க. ரெண்டு டெயில் லேம்ப் அடி மூலை, பம்பர் பிராக்கெட் போல்ட் ஏறுற இடம், தரை விளிம்பு மூணும் முக்கியம். ஒரு பக்கம் மட்டும் போயிருந்தா நல்ல தகடு வர்ற இடத்துக்கு அப்பால இன்னொரு அங்குலம் சேர்த்து வெட்டி பேட்ச் போடலாம். அடி மடிப்பு பாதிக்கு மேல போச்சுன்னா பேனல்தான்.

அதுக்கும் முன்னால தண்ணி வர்ற வழியைக் கண்டுபிடிங்க. ஒருத்தர் டார்ச்சோட உள்ளே உக்காந்து டிக்கியைச் சாத்திக்கட்டும். வெளியே ஹோஸ் பைப்பை முதல்ல கீழ பிடிச்சு, ஒவ்வொரு இடத்துலயும் ரெண்டு நிமிஷம் வெச்சு மேல ஏத்திக்கிட்டே போங்க. மேலிருந்து ஆரம்பிச்சா எல்லா இடமும் நனைஞ்சு ஒண்ணும் தெரியாது. டெயில் லேம்ப் கேஸ்கெட், டிக்கி பீடிங் (கதவு ஓர ரப்பர்), ஒயரிங் நுழையுற ரப்பர், தரையில இருக்கிற ரப்பர் மூடி, இந்த நாலுல ஒண்ணா இருக்கும். இதை அடைக்காம பேனல் மாத்தினா புதுப் பேனலும் அதே இடத்துலதான் அரிக்கும்.

நீலகிரி_கேஸ்வெல்ட்
இதுக்குப் போய் பேனலா? பித்தளைக் கம்பி வெச்சு கேஸ்ல ஒட்டினா காலத்துக்கும் நிக்கும். சிஓடூ வெல்டிங் (கரன்ட்ல ஒயர் உருக்கி ஒட்டுறது) இல்லாத காலத்துல ஜீப்பெல்லாம் அப்படித்தானே ஓடுச்சு?

தகரவேலை_மேட்டுப்பாளையம்
ஜீப் தகடு தடிமன் வேற அண்ணா. 800 தகடு முக்கால் மில்லிமீட்டர் சுத்தி இருக்கும். கேஸ் சூடு பரவினா அலையடிச்சுடும், அந்த அலையை மறைக்கப் பட்டி ஏத்தணும். பித்தளை வெல்டுல ஃப்ளக்ஸ் (ஒட்டுறதுக்குப் போடுற பொடி) மிச்சம் இருந்தா அது ஈரத்தை இழுத்து பெயின்ட்டுக்கு அடியில மறுபடி துரு கிளப்பும். குன்னூர் மூடுபனியில கேட்கவே வேண்டாம். சிலர் துருப்பிடிக்காதுன்னு துத்தநாகம் பூசின ஜி.ஐ. தகடு வெப்பாங்க. வெல்ட் பண்ற இடத்துல துத்தநாகம் எரிஞ்சு போயிடும், அந்தப் புகை வேலை செய்றவருக்குக் காய்ச்சல் கொடுக்கும். 22 கேஜ் சி.ஆர். தகடு (பூச்சு இல்லாத சாதா இரும்புத் தகடு) போதும்.

பேனல் போடுறதுன்னா வரிசை இது. பேட்டரி நெகட்டிவ்வைக் கழட்டுங்க. பெட்ரோல் டேங்கைக் காலி பண்ணினா மட்டும் போதாது, இறக்கி வெளியே வையுங்க. காலி டேங்க்ல நிக்கிற ஆவிதான் ஆபத்து. பின் ஒயரிங்கை உருவி ஓரமா கட்டுங்க. டிக்கி வாயோட மூலைக்கு மூலை ரெண்டு குறுக்களவையும் எடுத்துச் சுவத்துல எழுதி வையுங்க. லாக் ஏறுற கொக்கியோட இடத்தையும் குறிங்க. அந்தக் கொக்கி இந்தப் பேனல்லதான் இருக்கு. 3 மில்லி தள்ளிப் போனாலும் கதவு தடதடன்னு ஆடும், தண்ணியும் வரும். வண்டி ஜாக்கியில தொங்காம நாலு சக்கரமும் சமதரையில நிக்கட்டும். வெட்டுறதுக்கு முன்னாடி வாய்க்குக் குறுக்கே ஒரு பட்டையை டேக் (தற்காலிகமா சின்னப் புள்ளி வெல்ட்) அடிச்சு நிறுத்துங்க.

ஸ்பாட்டுகளை 8 மில்லி பிட்டால மேல் தகடு வரைக்கும் மட்டும் துளைச்சா தரை விளிம்பு தப்பிக்கும். புதுப் பேனல் மடிப்புல 30 முதல் 40 மில்லிக்கு ஒண்ணா 6 அல்லது 8 மில்லி ஓட்டை போட்டு, ரெண்டு தகடும் ஒட்டுற முகத்துல ஜிங்க் பிரைமர் அடிச்சு, பிளக் வெல்ட் (ஓட்டையை நிரப்பி ஒட்டுறது) பண்ணுங்க. முதல்ல நாலு டேக் மட்டும். லாக், டெயில் லேம்ப், பம்பர் மூணையும் மாட்டி, கதவைச் சாத்திப் பார்த்துட்டு மீதி. மேல் இணைப்புல நீளமா இழுக்காதீங்க, இங்க ஒண்ணு அங்க ஒண்ணுன்னு புள்ளி வெச்சு ஆற விடுங்க. தண்ணி ஊத்தி ஆத்துறது தப்பு.

பழைய பேனல் கோயம்புத்தூர் உக்கடத்துல தேடலாம். உங்க டெயில் லேம்ப்பைக் கையோட கொண்டு போய் வெச்சுப் பார்த்து வாங்குங்க. அடி மடிப்புல பட்டி இருந்தா வேண்டாம், காந்தம் வெச்சா தெரிஞ்சுடும்.

கோத்தகிரி_பெயின்ட்
பெயின்ட் கேள்விக்கு: ஐப்பசி கார்த்திகையில வேண்டாம். நம்ம கிழக்குச் சரிவுல வடகிழக்குப் பருவமழைதான் வெளுத்து வாங்கும். தை கடைசியிலிருந்து பங்குனி வரைக்கும் நல்ல காலம், அதுவும் காலை 10 மணிக்கு மேல.

இப்பவே செஞ்சாகணும்னா, ஒரு நாள்ல எவ்வளவு பிரைமர் அடிச்சு முடிக்க முடியுமோ அவ்வளவு மட்டும் பெயின்ட்டைச் சுரண்டுங்க. வெறும் தகடு ராத்திரி கிடந்தா காலையில ஆரஞ்சு பூத்திருக்கும். தகட்டோட சூடு பனி படியுற வெப்பநிலையை விட 3 டிகிரியாவது கூட இருக்கணும். 500 வாட் ஹாலோஜன் ரெண்டு போட்டுச் சூடாக்குங்க, கையில ஈரம் தட்டினா நிறுத்திடுங்க. துரு நீக்குற பாஸ்பாரிக் அமிலம் போட்டா நல்லா கழுவி உலர்த்துங்க. மிச்சம் இருந்தா எபாக்ஸி பிரைமர் பிடிக்காது.

முதல்ல எபாக்ஸி ரெண்டு கோட், அதுக்கு மேல இணைப்புகள்ல பாலியூரித்தேன் சீலர், அப்புறம் பட்டி. வெறும் தகட்டுல பட்டி போட்டா அது ஈரத்தை உறிஞ்சி அடியில வைக்கும். 2 மில்லிக்கு மேல தேவைப்பட்டா தகரவேலை சரியில்லைன்னு அர்த்தம், திருப்பி அனுப்புங்க. குளிருக்குப் பட்டி இறுகலைன்னு ஹார்டனரைக் கூட்டாதீங்க. 100 கிராமுக்கு 2 கிராம்தான் கணக்கு. கூடினா மாசம் கழிச்சு மேல் கலர்ல மஞ்சள் கறையா வரும், வெள்ளை வண்டியில பளிச்சுன்னு தெரியும். ஹார்டனர் கலக்குற 2கே பெயின்ட் அடிக்கிறவருக்குத் துணி முகக்கவசம் பத்தாது, கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேணும்.

குன்னூர்_800
குத்திப் பார்த்தேன். அடி மடிப்பு இடதுல ஒரு அடி நீளத்துக்குப் போச்சு, வலது கெட்டியா இருக்கு. தரை விளிம்புல கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு ஓட்டை. தண்ணி இடது டெயில் லேம்ப் வழியா வருது. தை வரைக்கும் என்ன பண்றது?

தகரவேலை_மேட்டுப்பாளையம்
அப்போ முழுப் பேனல் வேண்டாம். இடது பாதியை மட்டும் வேற பேனல்லேர்ந்து வெட்டி, தரை விளிம்புத் துண்டை முதல்ல சரி பண்ணிட்டு, முட்டு இணைப்பா (விளிம்போட விளிம்பு சேர்த்து) வெல்ட் பண்ணச் சொல்லுங்க. ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தினா மறுபடி தண்ணி தங்க ஒரு இடுக்கு. பெயின்ட் முடிஞ்சதும் உள்பக்க இடுக்குல கேவிட்டி வேக்ஸ் (துருத்தடுப்பு மெழுகு) அடிங்க, வெல்டுக்கு முன்னாடி இல்ல.

இப்போதைக்கு டெயில் லேம்ப் கேஸ்கெட்டை மாத்துங்க, மேட்டை எடுத்து வீட்டுக்குள்ள காய வையுங்க. துரு மேல பழைய ஆயில் பூசச் சொல்வாங்க, பூசாதீங்க. வெல்டிங்ல புகையும், பிரைமரும் ஒட்டாது. தண்ணி வடியுற துளைகள்ல கற்பூர இலையும் காயும் அடைச்சிருக்கும், ஒரு கம்பியால குத்தி விடுங்க.