பாதியில் நின்ற பின்னல் (வீட்டிலிருந்து வந்த அரசியல்: உங்கள் அனுபவம்?)

ஆரையம்பதி அப்பா

ஒரு வருடத்துக்கு மேலாக மனதை அரித்துக்கொண்டிருக்கிறது, அதனால் எழுதுகிறேன். 2024 நவம்பர், இலங்கைப் பாராளுமன்றத் தேர்தலுக்கு இரண்டு நாள் இருந்தது. வாசல்படியில் வைத்து என் அம்மா மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். மகளுக்கு இருபது வயது. பேச்சோடு பேச்சாக, "இந்தமுறை நான் திசைகாட்டிக்குத்தான் அப்பம்மா" என்றாள். தேசிய மக்கள் சக்தியின் சின்னம் அது. அம்மாவின் கை நின்றது. சீப்பை முடியிலேயே செருகிவிட்டு எழும்பி அடுப்படிக்குள் போனார். ஒரு சொல் இல்லை. ஒரு பக்கம் பின்னல், மறுபக்கம் விரிந்த முடி, அதோடு மகள் அப்படியே இருந்தாள். கதவடியில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தாள். நானும் வாய் திறக்கவில்லை.

அம்மா கொக்கட்டிச்சோலைப் பக்கம். 1990இல் அப்பா மண்முனைத் துறைக்குப் பாதைப்படகு ஏறப் போனவர், அவ்வளவுதான். அந்த வருடத்தை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அம்மா 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியனுக்குப் புள்ளடி போட்டவர், 2004இலிருந்து தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்கு. சின்னம் மாறினாலும் அம்மாவுக்கு அது அப்பாவுக்குச் செய்கிற கடமை மாதிரி. நானும் அப்படித்தான். ஒரு தரம்கூட விஞ்ஞாபனம் வாசித்து வாக்குப் போட்டதில்லை. மகள் வாசித்திருந்தாள்.

சாய்ந்தமருதுப் பிள்ளை

உங்கள் வீட்டுச் சீப்பு மாதிரி எங்கள் வீட்டில் ஒரு ரேடியோ. 2000 செப்டெம்பர் 16, முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் அஷ்ரஃப் போன ஹெலிகொப்டர் அரநாயக்கவில் விழுந்த நாள். எனக்கு ஒன்பது வயது. வாப்பா கிணற்றுக்கட்டில் இருந்து ரேடியோவை மடியில் வைத்து அழுதார். தன் சொந்த உம்மா மௌத்தானபோதுகூடக் கண்ணீர் விடாத மனிதர். பற்றரி இறங்கிக் குரல் கரகரத்த பிறகும் அதை நிற்பாட்டவில்லை.

தலைவர் பாடுபட்டு 1995இல் தொடங்கிய ஒலுவில் பல்கலைக்கழகத்தில்தான் நான் படித்தேன், அந்த நன்றி வேறு. ஆனால் 2020இல் கொரோனா என்று எங்கள் ஜனாஸாக்களை எரித்துக்கொண்டிருந்த நேரம், ஜனாதிபதிக்கு அதிகாரத்தைக் கூட்டிய 20ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்கு எங்கள் கட்சி எம்பிமார் கை உயர்த்தியபோது வயிறு பற்றி எரிந்தது. இனி இல்லை என்று சத்தியம் பண்ணினேன். 2024இல் வாக்குச்சீட்டில் எங்கள் கட்சிச் சின்னமான மரத்தைக் கண்டதும் கிணற்றுக்கட்டுதான் முன்னால் வந்தது. மரத்துக்கே போட்டேன். சரி செய்தேனா பிழை செய்தேனா, இன்னும் தெரியவில்லை.

களுவாஞ்சிக்குடி 2003

ஆரையம்பதி அண்ணன், உங்கள் மகள் பக்கம் நின்று ஒன்று சொல்ல வேண்டும். அவள் அப்பம்மாவை மறந்து அப்படிச் சொல்லவில்லை. எங்கள் வயதுக்காரரை வளர்த்தது வேறொரு காலம்.

2022 ஜூலை, பெற்றோல் செட் வரிசையில் இரண்டு இரவு படுத்தேன். எனக்குப் பின்னால் உகணையிலிருந்து வந்த ஒரு சிங்கள விவசாயி. தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து, கட்டைச் சம்பலோடு தந்தார். அப்புறம் போனில் தன் வயலைக் காட்டினார். அரசாங்கம் இரசாயன உரத்தைத் தடைசெய்த போகத்தில் எடுத்த படம், பயிர் முழுக்க மஞ்சள். எங்கள் மாமாவின் வயலும் அந்தப் போகம் அதே நிறத்தில்தான் நின்றது. போனை என் கையில் தந்துவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அமெரிக்காவில் 1965இல் ஜென்னிங்ஸ், நீமி என்ற இரண்டு பேர் உயர்தரப் பள்ளியின் கடைசி வகுப்பு மாணவர்களையும் அவர்களைப் பெற்றவர்களையும் தனித்தனியே கேட்டு ஆராய்ந்தார்கள். எந்தக் கட்சி என்பது பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு நன்றாகவே இறங்கியிருந்தது. ஆனால் தனித்தனி விடயங்களில் என்ன நிலைப்பாடு என்று கேட்டால் அந்த ஒற்றுமை மிகவும் குறைந்தது. நாங்கள் சின்னத்தைத்தான் வாங்கிக்கொள்கிறோம், காரணத்தை வாங்குவதில்லை. 2024இல் நாட்டின் 22 தேர்தல் மாவட்டங்களில் 21இல் திசைகாட்டி முதலாவதாக வர, மட்டக்களப்பில் மட்டும் வீடு வென்று 5 ஆசனத்தில் 3 எடுத்தது. இது பழைய பயம் போட்ட வாக்கு என்றே நினைக்கிறேன்.

வெல்லாவெளி வாத்தியார்

தம்பி, பயம் என்று ஒரே சொல்லில் கட்டி மூட வேண்டாம். வடக்கையும் கிழக்கையும் பிரிக்கச் சொல்லி வழக்குப் போனதும், 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் இணைப்புச் செல்லாது என்றதும் உனக்குச் சின்ன வயதில் நடந்தவை. வழக்குப் போட்டது ஜே.வி.பி. இன்றைய திசைகாட்டியின் நடுத்தண்டு எந்தக் கட்சி என்று உனக்கே தெரியும். அந்த அப்பம்மா யோசிக்காமல் எழும்பிப் போனார் என்று நினைக்கிறாயா? அவர் முப்பது வருடத்துக்கு முன்பே யோசித்து முடித்தவர்.

வளர்ப்பு வளர்ப்பு என்கிறீர்கள். எனக்கு இரண்டு தம்பிமார், ஒரே தாய், ஒரே சோறு. 2004 மார்ச்சில் புலிகளுக்குள் கருணா பிளவு வந்தபோது ஒருவன் வன்னிப் பக்கம், மற்றவன் இங்கே. ஒரு நாள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அம்மா இரண்டு தேத்தண்ணி ஊற்றித் திண்ணையில் வைத்தார். இரண்டும் ஆறிப்போனது. எந்த ஆராய்ச்சிக்குள் அதை அடக்குவாய்?

பாண்டிருப்பு ரீச்சர்

என் கதை சின்னது. 2019 ஜூன், கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தச் சொல்லி உண்ணாவிரதம் நடந்த கிழமை. இந்தப் பக்கம் தமிழர் நாங்கள், அந்தப் பக்கம் முஸ்லிம் சனம் எதிர்ப்புக்கு இருந்தது. என் மகன் எட்டு வயது, முற்றத்தில் தடியோடு நின்று கோசம் போட்டான். "பிரதேச செயலகம் எண்டா என்ன மனே?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது எங்கட" என்றான். அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். யார் சொல்லிக் கொடுத்தது? நான்தான். அவனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, ஆனால் அந்தக் கிழமை முழுக்கப் போனில் யாரோடோ சத்தம் போட்டுக்கொண்டே சோறு தீத்தினேன்.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், வகுப்பில் தினமும் பார்ப்பதால். பிள்ளைக்குக் கோபத்தைக் கொடுத்தால் அது எதனால் வந்தது என்ற சம்பவத்தையும் கொடுங்கள், ஆண்டோடும் இடத்தோடும். 1990 செப்டெம்பரில் சத்துருக்கொண்டானில் செத்த தமிழரைச் சொல்லும்போது, ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதபடி செத்த முஸ்லிம்களையும் ஏறாவூரில் செத்த முஸ்லிம்களையும் அதே மூச்சில் சொல்லுங்கள். பாதிக் கதை கேட்ட பிள்ளை மீதிப் பாதியைப் பக்கத்து ஊர்க்காரன் மேல் ஏற்றிக்கொள்ளும். அடுத்தது, சாப்பாட்டு நேரத்தில் சத்தமாக அரசியல் பேசாதீர்கள். பிள்ளைக்குச் சொல் விளங்காது, முகம் விளங்கும். வளர்ந்த பிள்ளை மாற்றிப் போடுகிறேன் என்றால் ஏன் என்று கேளுங்கள், கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். வாத்தியார் ஐயா, தம்பியோடு வாதாடுவதை விடுங்கள், உங்கள் தம்பிமார் பிறகு பேசினார்களா என்று எழுதுங்கள். சாய்ந்தமருதுத் தங்கச்சி, வாப்பா இருந்தால் போய் அந்த ரேடியோவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

வெல்லாவெளி வாத்தியார்

இல்லை ரீச்சர். பேச ஒருவன் மிஞ்சவில்லை.

ஆரையம்பதி அப்பா

ரீச்சர், ஏன் என்று நான் கேட்கவே இல்லை. அம்மாதான் கேட்டார், தேர்தல் முடிந்து ஒரு கிழமைக்குப் பிறகு. மகளைக் கூப்பிட்டு வாசல்படியில் இருத்தி, "என்னத்துக்கு அவங்களுக்குப் போட்டாய்?" என்றார். மகள் நீளமாகச் சொன்னாள், வேலை, விலைவாசி, களவு என்று. கடைசியில், "காணாமல்போன ஆக்களைப் பற்றியும் அவங்களிட்டயே கேப்பன் அப்பம்மா" என்றாள். அம்மா பதில் சொல்லாமல் பின்னிக்கொண்டே இருந்தார். பிடி இறுகிக்கொண்டே போனது, மகளின் நெற்றித் தோல் இழுபட்டது.

"நோகுது அப்பம்மா."

அம்மா கொஞ்சம் இளக்கினார்.