வேவர்லி கப்பலை இன்னும் ஓட்டலாமா, கரையேற்றி வைக்கலாமா? (புனைபெயர்களில் நடந்த ஒரு விவாதம்)

பழைய இரும்பு:
பயணிகளோடு கடலில் ஓடும் துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல் உலகத்தில் ஒன்றுதான் மிச்சம். கிளாஸ்கோவின் வேவர்லி. 1946-இல் ஏ அண்ட் ஜே இங்லிஸ் கப்பல்கட்டும் தளத்தில் நீரில் இறக்கினார்கள், 1947 ஜூனில் சேவைக்கு வந்தது. 1974-இல் துடுப்புக் கப்பல் பாதுகாப்புச் சங்கத்துக்கு ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. சங்கத்தின் கைக்கு வந்த பிறகு பாய்லர் மட்டும் மூன்று முறை மாறிவிட்டது: 1981, 2000, பிறகு 2019-20. கடைசி முறைக்கு 23 லட்சம் பவுண்டு வசூலிக்க வேண்டியிருந்தது. நடுவில் 2000-இலும் 2003-இலும் இரண்டு கட்டமாகக் கப்பலையே பிரித்துக் கட்டியிருக்கிறார்கள்.

இதில் முழுக்க அசல் என்று சொல்லத்தக்கது எந்திரம்தான். கிரீனக் நகரின் ரேங்கின் அண்ட் பிளாக்மோர் செய்த சாய்வு எந்திரம், மூன்று சிலிண்டர்: 24, 39, 62 அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் போகும் தூரம்) 66 அங்குலம். செய்த ஃபவுண்டரி இன்று இல்லை. அந்த 62 அங்குல வார்ப்பில் ஒரு விரிசல் விழுந்தால் என்ன செய்வீர்கள்? அதனால் என் நிலை இதுதான்: தண்ணீரிலிருந்து எடுத்துக் கரையேற்றுங்கள். அமெரிக்காவின் டைகாண்டரோகா 1906-ஆம் வருடத்துக் கப்பல். 1955-இல் தற்காலிகத் தண்டவாளம் போட்டு இரண்டு மைல் இழுத்து ஷெல்பர்ன் அருங்காட்சியகத்தில் நிறுத்தினார்கள். எந்திரம் அப்படியே இருக்கிறது, தகடு தண்ணீரில் அரிக்கவில்லை. கப்பலைக் காப்பாற்றுவது என்றால் இதுதான்.

நடுஇரவு வாட்ச்:
சார், டைகாண்டரோகா விதிவிலக்கு. பிரிட்டனில் "நிறுத்தி வைத்துக் காப்பாற்றிய" கப்பல்களின் கதையைப் பாருங்க. 1934-இல் கட்டிய கலிடோனியா தேம்ஸ் கரையில் மதுக்கடையாக நின்றது, 1980-இல் தீப்பிடித்துப் போனது. 1937-இன் ரைடு என்ற கப்பல் வைட் தீவில் இரவு விடுதியாக இருந்து, சேற்றிலேயே துருப்பிடித்துச் சரிந்தது. லிங்கன் காசில் 2010-இல் கிரிம்ஸ்பியில் உடைபட்டது. ஓடாத கப்பலுக்கு டிக்கெட் வருமானம் கிடையாது, கட்டாய சர்வே கிடையாது, கீழே இறங்கிப் பார்க்க ஆளும் கிடையாது. ஓடுகிற கப்பலை வருஷா வருஷம் ட்ரை டாக்கில் (தண்ணீர் வடித்த பழுதுத் தளம்) ஏற்றியே ஆக வேண்டும். தகட்டில் அல்ட்ராசானிக் வைத்துத் தடிமன் எடுக்கிறார்கள், அனுமதித்த அளவுக்கு மேல் தேய்ந்த இடத்தை வெட்டிப் புதுத் தகடு போடுகிறார்கள். இந்தக் கட்டாயம்தான் வேவர்லியை இதுவரை காப்பாற்றியது.

எந்திரம் நின்றால் என்ன ஆகும் என்பதையும் சொல்கிறேன். சிலிண்டருக்குள் எப்போதும் ஈரம் தங்கும். பிஸ்டன் ரிங் நின்ற இடத்தில் சுவரோடு துரு ஒட்டும். பிஸ்டன் ராடைச் சுற்றிக் கசிவை அடைக்கும் பேக்கிங் கிராஃபைட்டாக இருந்தால் ஈரமும் கிராஃபைட்டும் சேர்ந்து பேட்டரி மாதிரி வேலை செய்து, ராடு மேல் குழி குழியாகத் தின்னும். அடுத்த முறை அசைக்கும்போது அந்தக் குழிகள் பேக்கிங்கைக் கிழிக்கும். நிமிடத்துக்கு 58 சுற்று வரைக்கும் ஓடுகிற எந்திரம் இது. ஒழுங்காக எண்ணெய் கிடைத்தால் பேரிங்கில் தேய்மானம் மிகக் குறைவு. தேய்ந்தாலும் பேரிங்குக்குள் ஊற்றிய மென்மையான வைட் மெட்டலைத்தான் மாற்றுகிறோம். பழையதை உருக்கி எடுத்து, வெள்ளீயம் பூசி, புதிதாக ஊற்றி, கடைந்து, நீல மை தடவிச் சுரண்டி உட்கார வைப்பது. ஈயக் கம்பியை வைத்து இறுக்கி, நசுங்கிய தடிமனை அளந்தால் இடைவெளி தெரிந்துவிடும். அது தேயத்தான் செய்த உலோகம், தேயட்டும்.

பழைய இரும்பு:
கலிடோனியா எரிந்தாலும் அதன் எந்திரம் தப்பி, ஹாலிகோம் நீராவித் தொகுப்பில் இருக்கிறது. அதை விட்டுவிட்டீர்கள். 1934-இன் விங்ஃபீல்டு காசில் ஹார்ட்டில்பூல் அருங்காட்சியகத்தில் நன்றாகவே நிற்கிறது. நிறுத்தியது குற்றம் அல்ல, மதுக்கடைக்காரர்களிடம் கொடுத்ததுதான் குற்றம்.

எந்திரம் பிழைக்க ஆவி எதற்கு? மாதம் ஒரு முறை டர்னிங் கியர் (ஆவி இல்லாமல் எந்திரத்தை மெதுவாகச் சுற்றும் கருவி) வைத்துக் கால் சுற்று திருப்பி எண்ணெய் விட்டால் போதும். காய்ந்த காற்று அனுப்பும் கருவி ஒன்று வைத்தால் ஈரமும் இல்லை.

சுக்கான்:
எந்திரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். கப்பலுக்கு உண்மையான ஆபத்து பியரில் (பயணிகள் ஏறி இறங்கும் துறைமேடை) கட்டும்போதுதான்.

வேவர்லியின் இரண்டு சக்கரமும் ஒரே ஷாஃப்டில் உறுதியாகப் பிணைந்தவை. ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் சுற்ற வழியில்லை. நம் டக் (இழுவை) படகுகளில் இரண்டு ப்ரொபெல்லரை எதிரெதிராக ஓட்டி நின்ற இடத்தில் திருப்புவோமே, அது இங்கே நடக்காது. ப்ரொபெல்லர் கப்பலில் சுக்கானுக்கு நேர் முன்னால் தண்ணீர் பீய்ச்சும், மெதுவாகப் போனாலும் சுக்கான் பிடிக்கும். இங்கே சக்கரம் நடுக்கப்பலில், சுக்கான் பின்னால். வேகம் இறங்க இறங்க சுக்கான் வெறும் பலகை. பின்னோக்கி ஓட்டும்போது காற்று எங்கே தள்ளுகிறதோ அங்கேதான் போகும். அடிப்பகுதி ஆழம் இரண்டு மீட்டருக்கும் குறைவு, மேலே இரண்டு புகைபோக்கி, தளம், மண்டபம் என்று காற்றுக்கு விரித்த பாய் மாதிரி. பயணிகள் எல்லாரும் ஒரே பக்கம் வேடிக்கை பார்க்கப் போனால் கப்பல் சாயும். ஒரு சக்கரம் ஆழமாக இறங்கும், மற்றது பாதி காற்றில் சுற்றும், முனை ஒரு பக்கம் இழுக்கும்.

1977-இல் கிளாஸ்கோ ஆறான கிளைடின் முகத்துவாரத்தில், டனூன் ஊர் அருகே கான்டாக்ஸ் பாறையில் ஏறியது. 2009-இல் டனூன் அலைதடுப்பில் மோதியது. 2020 செப்டம்பரில் பிராடிக் பியரில் முட்டி அணியம் (கப்பலின் முன்முனை) நசுங்கியது, பலருக்குக் காயம். புது பாய்லரோடு சேவைக்குத் திரும்பி சில வாரம்கூட ஆகவில்லை. ஓட்டுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் எவ்வளவு காற்றுவரை ஓட்டலாம் என்ற வரம்பைக் கறாராக வைக்க வேண்டும். திறந்த பியர்களைப் பட்டியலிலிருந்தே எடுக்க வேண்டும். கிளைடு முகத்துவாரத்துக்குள் மட்டும் ஓடினால் என்ன குறைந்துவிடும்?

நடுஇரவு வாட்ச்:
வருமானம் குறையும். கிளைடில் கோடை முழுக்க நாற்காலி நிரம்பாது, அதனால்தான் பிரிஸ்டல் கால்வாய்க் கடலுக்கும் இங்கிலாந்தின் தென்கரைக்கும் தேம்ஸுக்கும் போகிறது. காற்று வரம்பு பற்றிச் சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. நீராவி எந்திரம் பிடிவாதமாக நிற்கிற நேரமும் உண்டு என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்க. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் மூன்றும் 120 டிகிரி விலகி இருந்தாலும், உயர் அழுத்த சிலிண்டரின் வால்வு மூடியிருக்கிற இடத்தில் போய் நின்றுவிட்டால் முதல் தள்ளு கிடைக்காது. அப்போது மற்ற சிலிண்டர்களுக்கு நேரடி ஆவி கொடுக்கும் தனி வால்வைத் திறந்து உதைத்து விடணும். அதற்கு ஓரிரு நொடி போகும். பியரை நெருங்கும்போது கேப்டன் அந்த நொடிகளையும் கணக்கில் வைத்து முன்கூட்டியே எந்திர அறைக்கு மணி அடிக்கணும். பழகிய ஆள் இல்லையென்றால் இந்தக் கப்பலை எந்திர அறைக்குள்ளிருந்தும் ஓட்ட முடியாது, கேப்டன் நிற்கும் பிரிட்ஜிலிருந்தும் ஓட்ட முடியாது.

பழைய இரும்பு சார், மாதம் கால் சுற்று என்கிறீர்களே, அதில் ஷாஃப்ட் பேரிங் பிழைக்கும். காற்று பம்ப், ஆவியைத் தண்ணீராக்கும் கண்டென்சர், பாய்லருக்கு நீர் தள்ளும் ஃபீட் பம்ப், கசிவை அடைக்கும் ஆயிரம் கிளாண்டு? அதையெல்லாம் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த ஆள் எங்கிருந்து வருவான்?

ஏரிக்கரை:
ஜெனிவா ஏரியைப் பாருங்கள். 1904-இன் மோன்ட்ரோ கப்பலில் பழைய எந்திரத்தை எடுத்துவிட்டுப் பல வருடம் டீசல்-எலக்ட்ரிக்கில் ஓட்டினார்கள். 2001-இல் அதையும் கழற்றிவிட்டுப் புத்தம்புது நீராவி எந்திரம் வைத்தார்கள், பிரிட்ஜிலிருந்தே இயக்குவது. 1907-இன் வெவேயும் 1908-இன் இத்தாலியும் இன்றும் டீசல்-எலக்ட்ரிக்தான். சக்கரம் சுற்றுகிறது, பயணிகள் வருகிறார்கள், கப்பல் பிழைக்கிறது. வேவர்லியின் பழைய எந்திரத்தைப் பத்திரமாக எடுத்து அருங்காட்சியகத்தில் வையுங்கள், கப்பலில் புது நீராவி எந்திரம் வையுங்கள். இரண்டு தரப்புக்கும் வேண்டியது கிடைக்குமே.

பழைய இரும்பு:
அப்படியானால் மிஞ்சுவது என்ன? தகடு புதிது, பாய்லர் புதிது, எந்திரமும் புதிது. பெயர்ப்பலகை மட்டும் பழையது. இதற்கு நான் கடைசிவரை உடன்பட மாட்டேன்.

நடுஇரவு வாட்ச்:
இந்த ஒன்றில் நானும் பழைய இரும்பு சார் பக்கம். டீசல் பற்றி ஒரு வார்த்தை: வங்கதேசத்தின் மஹ்சூத், ஆஸ்ட்ரிச் போன்ற, ராக்கெட் ஸ்டீமர் எனப்படும் துடுப்புக் கப்பல்களில் ஆவியை எடுத்துவிட்டு டீசல் வைத்தார்கள். துடுப்புப் பலகை ஒவ்வொன்றும் தண்ணீரில் அறையும்போது ஷாஃப்டில் ஒரு உதை வரும். நீராவி எந்திரம் அந்த உதையை அப்படியே விழுங்கும். கியர்பாக்ஸ் விழுங்காது, பல்லில் வாங்கும். மின் மோட்டார் பரவாயில்லை.

சக்கரத்தைப் பற்றி யாருமே பேசவில்லை, அதனால் எழுதுகிறேன். வேவர்லியின் சக்கரத்துக்கு எட்டுப் பலகை. அவை நிலையாக ஆரத்தில் அறைந்தவை அல்ல. மையம் விலகிய ஒரு வளையத்திலிருந்து ஒவ்வொரு பலகைக்கும் ஒரு கம்பி போகிறது. அது பலகையைத் திருப்பிக்கொண்டே இருக்கும், தண்ணீருக்குள் இறங்கும்போதும் ஏறும்போதும் ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும்படி. இதனால்தான் சக்கரம் சிறியதாக இருந்தும் வேகம் கிடைக்கிறது. இதனால்தான் தொல்லையும். ஒவ்வொரு பலகைக்கும் ஒரு முளை (பின்), அது சுழலும் குழல் (புஷ்), கம்பி முனை. தண்ணீர்தான் மசகு, மணலும் அதோடு வரும். புஷ் தேய்ந்து இடைவெளி வந்ததும் ஒவ்வொரு சுற்றிலும் 'டொக்' என்று தட்டும். தட்டத் தட்ட போல்ட் இளகும், போல்ட் அறுந்தால் கம்பி தொங்கும், தொங்கிய கம்பி அடுத்த பலகையை உடைக்கும், உடைந்த மரம் சக்கரத்தை மூடிய பெட்டியின் உள்தகட்டை அடிக்கும். ஆற்றில் மிதந்து வரும் ஒரு மரக்கட்டையும் இதே வேலையைச் செய்யும். தட்டும் சத்தம் கேட்ட அன்றே புஷ்ஷை மாற்றினால் ஒரு இரவு வேலை. ஒரு வாரம் விட்டால் சேவையே நிற்கும்.

மாற்றும்போது முதல் வேலை: முக்கிய ஆவி வால்வை மூடிப் பூட்டி, சாவியை இறங்குகிறவர் கையிலேயே கொடுக்கணும். டர்னிங் கியர் மாட்டணும். நீரோட்டமே சக்கரத்தைச் சுற்றும் என்பதால் சங்கிலி போட்டுக் கட்டணும். பிறகுதான் பெட்டிக்குள் ஆள். கடலில் வைத்து ஒரு பலகை போய்விட்டால் உடைந்ததை முழுக்கக் கழற்றி எடுத்துவிட்டு வேகத்தைக் குறைத்துத் துறைக்கு வரலாம். பாதி தொங்கியபடி ஓட்டக் கூடாது.

ஏரிக்கரை:
அதெல்லாம் சரி, பாய்லர் ஏன் இருபது வருடம்கூடத் தாங்கவில்லை? 2000-இல் வைத்தது 2019 மே மாதம் கப்பலை நிறுத்திவிட்டது. கரையில் இதே மாதிரி பாய்லர்கள் இன்னும் நீண்ட காலம் உழைக்கின்றனவே.

நடுஇரவு வாட்ச்:
நல்ல கேள்வி. இப்படிப்பட்ட கப்பலில் பாய்லரைத் தின்கிற விஷயங்கள் மூன்று.

முதலாவது சூடு ஏறி இறங்குவது. தொழிற்சாலையில் நாள் முழுக்க ஒரே சுமை. இங்கே பியருக்குப் பியர் முழு ஆவி, அடுத்த நிமிடம் பூஜ்யம், பத்து நிமிடம் கழித்து மறுபடி முழு ஆவி. டியூப் முனை தகட்டோடு சேரும் இடத்தில் ஒவ்வொரு முறையும் இழுத்து விடும், கடைசியில் முடி மாதிரி விரிசல். குளிர்ந்த பாய்லரை அவசரத்தில் ஏற்றினால் இன்னும் மோசம். ஒரு இரவு முழுக்க எடுத்து மெதுவாக ஏற்றணும். சீசனில் இரவிலும் கொஞ்சம் அழுத்தத்தோடு சூடாகவே வைத்திருப்பது நல்லது.

இரண்டாவது எண்ணெய். ஃபீட் வாட்டர் என்பது சிலிண்டரைக் கடந்து வந்த ஆவியைக் குளிர்வித்த தண்ணீர்தான். சிலிண்டருக்கு விட்ட எண்ணெய் அதில் மிதந்து வரும். வடிகட்டியில் துவாலைத் துணி, கோக் கரி என்று எதை வைத்தாலும் நேரத்துக்கு மாற்றாவிட்டால் எண்ணெய் பாய்லருக்குள் போய்ப் படலமாக ஒட்டும். நெருப்பு ஒரு பக்கம், படலம் மறுபக்கம். தகட்டின் சூடு தண்ணீருக்குப் போகாமல் உலைக்குழாய் மெத்தை மாதிரி உப்பி இறங்கும்.

மூன்றாவது கடல்நீர். கண்டென்சரில் ஒரு டியூப் ஒழுகினாலும் உப்பு ஃபீட்டில் கலக்கும். குளோரைடு (உப்பு) சோதனை ஒவ்வொரு வாட்ச்சிலும் (பணிமுறை) செய்யணும். எண் ஏறினால் புளோ டவுன் (பாய்லர் நீரில் கொஞ்சத்தை வெளியேற்றுவது) மட்டும் அடித்துக்கொண்டு ஓட்டுவது தப்பு, ஒழுகும் டியூபைக் கண்டுபிடித்து அடைக்கணும். ஆவிப் பக்கம் ஒளிரும் சாயம் கலந்த தண்ணீர் நிரப்பி, புற ஊதா விளக்கைக் காட்டினால் ஒழுகும் டியூபின் முனை பச்சையாகத் தெரியும். இரண்டு பக்கமும் கூம்பு அடைப்பு அடித்தால் முடிந்தது.

குளிர்காலத்தில் பாய்லரைப் பாதி தண்ணீரோடு விட்டுப் போவதுதான் எல்லாவற்றையும் விடக் கேடு. ஒன்று, மருந்து கலந்த தண்ணீரை விளிம்பு வரை நிரப்பணும். இல்லை, முழுக்க வடித்து உலர்த்தி, உள்ளே சிலிக்கா ஜெல் தட்டு வைத்து மூடணும்.

சுக்கான்:
இவ்வளவு விளக்கமான பட்டியலைப் படித்தபின் எனக்கு ஓட்டுவதில் நம்பிக்கை கூடுகிறது, ஆனால் ஆள் விஷயத்தில் பயமும் கூடுகிறது. எந்திர அறையில் இப்படி ஒருவர் இல்லாத சீசனில் கப்பலை வெளியே எடுக்கவே கூடாது.

பழைய இரும்பு:
நான் முதலில் கேட்ட கேள்விக்குப் பதில் இன்னும் வரவில்லை. 62 அங்குல வார்ப்பு. தண்ணீர் உள்ளே போய் அடைபட்டு, பிஸ்டன் அதை மூடியின் மேல் அடித்தால்?

நடுஇரவு வாட்ச்:
அதற்காகத்தான் சிலிண்டர் இரண்டு முனையிலும் தப்பிப்பு வால்வும் வடிகால் குழாயும். கிளம்புவதற்கு முன் வடிகாலைத் திறந்து வைத்து, ஆவி வால்வைச் சிறிதளவு விட்டு, நேரம் கொடுத்துச் சூடேற்றி, முன்னும் பின்னும் சில முறை அசைத்து, குழாயில் தண்ணீர் நின்று ஆவி மட்டும் வந்த பிறகே மூடணும். பாய்லர் நீர்மட்டத்தை உயரமாக வைத்துக்கொண்டு திடீரென ஆவி இழுத்தால் தண்ணீர் ஏறி வரும், அதைத் தவிர்க்கணும். இந்த ஒழுங்கு இருந்தால் மூடி உடையாது. உடைந்தாலும் வார்ப்பிரும்பைச் சூடாக்காமல் துளையிட்டு, பூட்டுச்சாவி போன்ற உலோகத் துண்டுகளை அடித்துத் தைக்கிற முறை இருக்கிறது.

பழைய இரும்பு:
மூடியைத் தைக்கலாம். சிலிண்டர் உடலையே மாற்ற வேண்டி வந்தால் வார்க்க அச்சு வேண்டும், அச்சு எங்கே? கப்பலை ஓட்டியே தீருவது என்றால் இந்த வேலையையாவது முதலில் செய்யுங்கள். வெளிப்புறத்தை லேசர் ஸ்கேன் எடுத்தால் போதாது, ஆவி போகும் உள்வழிகள் அதில் தெரியாது. எண்டோஸ்கோப் விட்டு உள்வழியின் வடிவம் எடுக்க வேண்டும், அல்ட்ராசானிக் வைத்துக் கட்டம் கட்டமாகச் சுவர்த் தடிமன் குறிக்க வேண்டும். வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்குப் பத்து மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கும், அதையும் கடைசலுக்கு விடும் கூடுதல் அளவையும் சேர்த்து வரைபடம் தயாராக இருக்க வேண்டும். மூன்று சிலிண்டருக்கும், வால்வுப் பெட்டிகளுக்கும். எந்திரம் திறந்து கிடக்கும் குளிர்காலத்தில் மட்டுமே இதைச் செய்ய முடியும்.

நடுஇரவு வாட்ச்:
இதற்கு மறுபேச்சு இல்லை சார். 62 அங்குலத்திலிருந்து தொடங்கணும். மூடியைக் கழற்றும் அன்றைக்கே அளவெடுப்பவர் கையில் கருவியோடு அங்கே நிற்கணும்.