பழைய 23 சேனல் சிபி செட்: சில சேனலில் டிரான்ஸ்மிட் இல்லை, மற்றதில் பவர் குறைவு (ஏற்காடு)

காப்பிக்காடு:
வணக்கம். ஏற்காட்டில் எஸ்டேட் ஆபீஸில் இருக்கும் 23 சேனல் சிபி செட் (சிட்டிசன்ஸ் பேண்ட், 27 மெகாஹெர்ட்ஸ் பக்கம் பேசும் ரேடியோ) பற்றிய சந்தேகம். ஏஎம் மட்டும், 12 வோல்ட் பேட்டரியில் ஓடுது. உள்ளே சேனல் அலைவரிசையை உண்டாக்கும் பிஎல்எல் ஐசி கிடையாது, அதுக்கு வரிசையா கிரிஸ்டல்தான். ரிசீவ் எல்லா சேனலிலும் நல்லா இருக்கு. டிரான்ஸ்மிட்டில் 1, 5, 9, 13, 17, 21 சுத்தமா இல்லை. மற்ற சேனலில் பேச்சு போகுது, ஆனா கீழ்க்காடு வரைக்கும் கேட்டது இப்ப காப்பி களத்தைத் தாண்டலை. மழைக்கு அப்புறம்தான் இப்படி. காயில் கோரை (டியூன் பண்ண காயிலுக்குள் திருகும் ஃபெரைட் துண்டு) திருப்பினால் சரியாயிடும்னு ஒருத்தர் சொன்னார். செய்யலாமா?

சூரமங்கலம் பெஞ்ச்:
காயிலைத் தொடாதீங்க. உங்க செட்டில் இருப்பது ரெண்டு தனித்தனி கோளாறு. முதல் கோளாறு எங்கே இருக்குன்னு நீங்க எழுதின சேனல் வரிசையே காட்டிக்கொடுக்குது.

இந்தக் காலத்துச் செட்டில் வழக்கமா 14 கிரிஸ்டல் இருக்கும். 37.600, 37.650, 37.700, 37.750, 37.800, 37.850 மெகாஹெர்ட்ஸ் என்று ஆறு. ஒவ்வொன்றும் நாலு சேனலுக்குப் பொது, கடைசி மட்டும் 21, 22, 23க்கு. டிரான்ஸ்மிட்டுக்கு 10.635, 10.625, 10.615, 10.595 என்று நாலு. ரிசீவுக்கு 10.180, 10.170, 10.160, 10.140 என்று நாலு. டிரான்ஸ்மிட்டில் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்தால் சேனல் வரும். 37.600இல் 10.635 போனால் 26.965, அதுதான் சேனல் 1. 37.650இல் அதே 10.635 போனால் 27.015, சேனல் 5. இப்படியே 9, 13, 17, 21. ஆறுக்கும் பொதுவா இருப்பது 10.635 ஒன்றுதான். 37 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் போயிருந்தால் 1, 2, 3, 4 என்று அடுத்தடுத்த சேனல் விழும், ரிசீவும் சேர்ந்து போகும். செலக்டர் சுவிட்சில் அழுக்கு என்றால் ஏதாவது ஒரு சேனல் மட்டும் விட்டுவிட்டு வரும். அதனால் கான்டாக்ட் கிளீனர் இங்கே உதவாது.

10.635ஐயும் 10.625ஐயும் கழற்றி இடம் மாற்றுங்க. கோளாறு 2, 6, 10, 14, 18, 22க்குப் போனால் கிரிஸ்டல் காலி. 1, 5, 9லேயே நின்றால் அந்த இடத்து கப்பாசிட்டர், டிரிம்மர், ஒயரிங் பார்க்கணும். இடம் மாறியிருக்கும்போது சேனல் எண்ணும் அலைவரிசையும் பொருந்தாது, அதனால் டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதிலா மாட்டும், அலையை வெளியே விடாத ரெசிஸ்டர்) மட்டும் சோதிங்க.

அஸ்தம்பட்டி ரேடியோ:
டம்மி லோடு நீங்களே செய்யலாம் சார். 1 கிலோ ஓம், 1 வாட் கார்பன் ஃபிலிம் ரெசிஸ்டர் 20 எடுத்து, ரெண்டு செம்புப் பட்டைக்கு நடுவே கால்களைக் குட்டையா வெட்டி பேரலலா சால்டர் பண்ணுங்க. 50 ஓம், 20 வாட் கிடைக்கும். ஒயர்வவுண்ட் ரெசிஸ்டர் வேண்டாம், அது உள்ளே சுருள், 27 மெகாஹெர்ட்ஸில் 50 ஓமா நடந்துக்காது.

பவர் பார்க்க வாட் மீட்டர் தேவையில்லை. லோடில் ஆன்டெனா சாக்கெட்டின் நடுமுனை சேரும் பட்டையிலிருந்து 1என்4148 டையோடு, அதன் கேத்தோடிலிருந்து கிரவுண்டுக்கு 0.01 மைக்ரோஃபாரட், 100 வோல்ட் டிஸ்க் கப்பாசிட்டர். மல்டிமீட்டரை டிசியில் கப்பாசிட்டர் மேல் வைங்க. பேசாமல் பிடிடி (மைக்கில் பேச அழுத்தும் பட்டன்) மட்டும் அழுத்தி, வரும் வோல்ட்டோடு 0.7 கூட்டி, அதை அதாலேயே பெருக்கி, 100ஆல் வகுங்க. அதுதான் வாட். முழு 4 வாட்டுக்கு 19.3 வோல்ட் காட்டணும். ஒரு தடவைக்கு பத்து செகண்டுக்கு மேல் அழுத்தாதீங்க.

கூடவே செட்டுக்குப் பின்னால் வரும் சப்ளை வோல்டேஜையும் பிடிடி அழுத்தின நிலையில் பாருங்க. மலை ஈரத்தில் ஃபியூஸ் ஹோல்டர் பச்சை பூத்துக்கிடும்.

காப்பிக்காடு:
செய்து பார்த்தேன். ரெண்டு கிரிஸ்டலையும் மாற்றிப் போட்டதும் எல்லா சேனலும் வருது. திரும்பப் பழைய இடத்தில் போட்டேன், அப்பவும் வருது. இது எப்படி? டம்மி லோடில் 8.2 வோல்ட்தான். சப்ளை 13.2, அழுத்தினால் 11.4.

சூரமங்கலம் பெஞ்ச்:
கிரிஸ்டல் நல்லாத்தான் இருக்கு, சால்டர்தான் விட்டிருக்கு. கிரிஸ்டல் டப்பா உயரமா நிற்கும், அதன் எடை முழுக்க ரெண்டு மெல்லிய கால் மேல். அதிர்விலும் சூடு குளிரிலும் காலைச் சுற்றி சால்டர் வட்டமா வெடிக்கும். போர்டைக் கவிழ்த்து லென்ஸில் பார்த்தால் பளபளப்பான சால்டர் நடுவே முடி அளவு கறுப்பு வளையம் தெரியும். நீங்க கழற்றி மாட்டினதில் அது சரியாயிடுச்சு. மற்ற 12 கிரிஸ்டலுக்கும் பழைய சால்டரை உறிஞ்சி எடுத்துட்டு புதுசா வைங்க. பழசு மேலேயே சூடு காட்டினால் நிலைக்காது. பெரிய நிம்மதி, 10.635 கிரிஸ்டல் கடையில் சும்மா கிடைக்கிற சாமான் இல்லை.

பவர் கணக்குக்கு வருவோம். 8.9ஐ 8.9ஆல் பெருக்கினால் 79, அதாவது 0.8 வாட். 1.8 வோல்ட் இறங்குவது தப்பு, ஹோல்டரையும் ஒயரையும் மாற்றுங்க. ஆனா 11.4 வோல்ட்டிலும் நல்ல செட் 3 வாட் பக்கம் தரும். மிச்சத்தைத் தின்பது ஃபைனல், அதாவது ஆன்டெனாவுக்குப் பவர் தள்ளும் கடைசி டிரான்சிஸ்டர்னு நினைக்கிறேன். கழற்றி வெளியே வைத்து, 2 மெகா ஓம் ரேஞ்சில் கலெக்டரில் சிவப்பு, எமிட்டரில் கறுப்பு. எதுவும் காட்டக் கூடாது. போர்டில் வைத்தே பார்த்தால் சோக்கும் பேஸ் ரெசிஸ்டரும் ஏமாற்றும்.

காப்பிக்காடு:
4 கிலோ ஓம் காட்டுது அண்ணா. மேலே 2எஸ்சி1307 என்று இருக்கு. கேபிளையும் ரெண்டு முனையும் கழற்றிவிட்டு நடுக்கம்பிக்கும் வலைக்கும் நடுவே பார்த்தேன், 40 கிலோ ஓம்.

சூரமங்கலம் பெஞ்ச்:
ரெண்டும் ஒரே கதை. கேபிளுக்குள் தண்ணி. எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா பக்கமிருந்து பவர் எவ்வளவு திரும்புதுன்னு காட்டும் விகிதம்) ஏறி, திரும்பி வந்த பவர் ஃபைனலைச் சுட்டிருக்கு. எஸ்டபிள்யூஆர் 3 ஆனால் கால் பங்கு திரும்பிடும்.

2எஸ்சி1969 போடலாம், கால் வரிசையைப் பழையதோடு ஒப்பிட்டுக்குங்க. போலி ரொம்ப புழங்குது, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் சந்தேகத்தோடேயே வாங்குங்க. மலிவா கிடைக்குதேன்னு ஐஆர்எஃப்520 மாஸ்ஃபெட்டை மாட்டாதீங்க, அதை ஓட்ட கேட் காலுக்குக் கொடுக்கும் வோல்டேஜே (பயாஸ்) வேற. பழைய மைக்கா ஷீட்டைத் துடைத்து, ரெண்டு பக்கமும் ஹீட்சிங்க் பேஸ்ட் மெல்லிசா தடவி மாட்டுங்க. மாட்டின பிறகு டிரான்சிஸ்டர் முதுகுக்கும் சேசிஸுக்கும் கண்டின்யூட்டி இருக்கக் கூடாது.

இப்பத்தான் காயில். பிளாஸ்டிக் டூல் மட்டும். ஸ்க்ரூடிரைவர் போட்டால் ஃபெரைட் உடையும், இரும்பு பக்கத்தில் வந்தாலே டியூனும் நகரும். சேனல் 12இல் வைத்து டிரைவர் காயிலையும் அவுட்புட் காயிலையும் அதிகபட்சத்துக்குக் கொண்டுவந்து, 1இலும் 23இலும் சரிபாருங்க. ஆன்டெனா சாக்கெட்டை ஒட்டின ட்ராப் காயில் 54 மெகாஹெர்ட்ஸ் ஹார்மோனிக்கை (27இன் இரட்டிப்பில் வரும் வேண்டாத அலை) அடக்குறது. மீட்டரில் கொஞ்சம் ஏறுதேன்னு அதைத் திருப்பிடாதீங்க.

நாகலூர்:
கேபிளுக்கு மீதி கிடக்கிற டிஷ் ஒயரே போதுமே?

அஸ்தம்பட்டி ரேடியோ:
அது 75 ஓம். எஸ்டபிள்யூஆர் 1.5 வரும், அதைக்கூட செட் தாங்கும். அதன் வலை அலுமினியம், சால்டர் பிடிக்காது, அதுதான் தொல்லை. அழுத்திப் பிடித்த ஜாயின்ட் ஏற்காட்டு மூடுபனியில் சீக்கிரமே கறுத்துடும். ஆர்ஜி-58 (50 ஓம் கேபிள்) வாங்குங்க.

காப்பிக்காடு:
ஃபைனல், ஃபியூஸ் ஹோல்டர் மாற்றியாச்சு. டம்மி லோடில் 18.3 வோல்ட். கேபிளை வெட்டினால் மேலிருந்து ரெண்டு அடிக்கு வலை கறுப்பு. அந்தப் பகுதியை மட்டும் எடுத்தால் போதுமா?

அஸ்தம்பட்டி ரேடியோ:
3.6 வாட், அருமை. அதுக்கு மேல் இழுக்க வேண்டாம், 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை 5 வாட்டுக்குள் இருந்தால்தான் இங்கே லைசென்ஸ் விலக்கு. உங்க 23 சேனலும் அதுக்குள்ளேயே அடங்குது.

கேபிளை முழுசா மாற்றுங்க. வலை வழியா ஈரம் கறுப்பு தெரியும் இடத்துக்கும் கீழே இறங்கியிருக்கும். புதுசு போடும்போது மேல் ஜாயின்ட்டில் தானா ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்து, பாதி மேல் பாதி ஏறுகிற மாதிரி கீழிருந்து மேலே சுற்றுங்க, அதுக்கு மேல் பிவிசி டேப். ஜாயின்ட்டுக்குக் கீழே கேபிளை ஒரு வளையம் தொங்கவிடுங்க, தண்ணி அங்கேயே சொட்டிடும். பிறகு எஸ்டபிள்யூஆரை சேனல் 1, 12, 23 மூன்றிலும் பார்த்து எழுதுங்க. 1இல் அதிகமா இருந்தால் ஆன்டெனா நீளம் பத்தலை, 23இல் அதிகம்னா நீளம் கூடுதல்.