எம்.ஆர்.ஐ படத்தில் எலும்பு வெளுத்திருந்தது: வேறு யாருக்காவது இப்படி?

கடைசிப்படி

அம்மாவுக்குக் கால் மரத்துப்போகிறது என்று எடுத்த இடுப்பு எம்.ஆர்.ஐ. எல்4, அதாவது இடுப்புப் பகுதியின் நாலாவது முள்ளெலும்பு, நழுவியிருக்கிறது, ஸ்க்ரூ போட வேண்டும் என்பதுவரை முடிவாகிவிட்டது. எலும்பின் அடர்த்தியை எக்ஸ்ரேயால் அளக்கும் டெக்ஸாவும் முன்பே எடுத்தாயிற்று. இளம் வயது எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் டி-ஸ்கோர் முதுகெலும்பில் -1.1, லேசான மெலிவுதான் என்று நாங்களும் நிம்மதியாக இருந்தோம்.

நாள் குறிக்கப் போன அன்று மருத்துவர் எம்.ஆர்.ஐ-யில் டி1 என்ற வகைப் படத்தைத் திறந்து கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மௌஸால் எலும்புகளுக்குள் வட்டம் போட ஆரம்பித்தார். எல்1, எல்2, எல்3, எல்4. எல்3-க்குப் பின்னால் தண்டுவடத் திரவத்தில் சின்னதாக இன்னொன்று. எலும்புகளுக்கு வந்த வெளிச்ச அளவுகளின் நடு எண்ணைத் திரவத்தின் எண்ணால் கைபேசியில் வகுத்தார். 3.7. கைபேசியை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். அம்மா, "நல்ல மார்க்கா டாக்டர்?" என்று கேட்டாள்.

எலும்பு மெலிய மெலிய மஜ்ஜையில் கொழுப்பு ஏறும், கொழுப்பு டி1-ல் வெள்ளையாகத் தெரியும், இந்த எலும்பில் ஸ்க்ரூ பிடிக்குமா என்று சந்தேகம் என்றார். அறுவை தள்ளிப்போனது. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அதே படத்தின் ரிப்போர்ட்டில் "வயதுக்கேற்ற கொழுப்பு மாற்றம்" என்று ஒரே ஒரு வரி. இவர் வட்டம் போடாமல் விட்டிருந்தால்?

தும்மல்காரன்

எனக்கு ஒரு தும்மல்தான். முதுகில் யாரோ கட்டையால் அடித்த மாதிரி இருந்தது. பத்து நாள் தைலம் தேய்த்துவிட்டுத்தான் எம்.ஆர்.ஐ எடுக்கப் போனேன்.

கொழுப்பின் வெளிச்சத்தை அமுக்கி எடுக்கும் ஸ்டிர் படத்தில் டி12, அதாவது நெஞ்சுப் பகுதியின் கடைசி முள்ளெலும்பு, பல்பு போட்ட மாதிரி எரிந்தது. புது முறிவு என்றால் உள்ளே நீர் கோத்துக்கொண்டு அப்படித் தெரியுமாம். அது பரவாயில்லை. மருத்துவர் அடுத்த எலும்பைக் காட்டினார். எல்1, முன்பக்கம் ஆப்பு மாதிரி சப்பி இருந்தது, ஆனால் எரியவில்லை. "இது பழசு. எப்போது விழுந்தீர்கள்?"

நான் விழவே இல்லை. எப்போது உடைந்தது என்றே தெரியாமல் ஒரு எலும்பை உடைத்துக்கொண்டு நடமாடியிருக்கிறேன். எனக்கு 61 வயது. ஆண்களுக்கு இதெல்லாம் வராது என்று நினைத்துக்கொண்டிருந்தவன்.

காந்த அறை

எம்.ஆர்.ஐ எடுக்கும் வேலை எனக்கு. கடைசிப்படி, உங்கள் மருத்துவர் செய்தது சரி, நீங்கள் அதைப் புரிந்துகொண்டதுதான் கொஞ்சம் கோணல். எம்.ஆர்.ஐ எலும்பின் அடர்த்தியை அளப்பதில்லை. சுண்ணாம்பிலிருந்து அந்தப் படங்களுக்கு சிக்னலே வராது. வருவது மஜ்ஜையின் நீரிலிருந்தும் கொழுப்பிலிருந்தும். கொழுப்பை வைத்து எலும்பை ஊகிக்கிறோம், அவ்வளவுதான். ரத்தசோகை இருந்தால் மஜ்ஜை கறுக்கும், எண் இறங்கும், எலும்பு நன்றாக இருப்பதாகத் தோன்றும். ஒரு இயந்திரத்தின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிடுவதும் சிக்கல். உலக சுகாதார நிறுவனம் 1994-ல் வைத்த -2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் எலும்புப்புரை என்ற கோடு டெக்ஸாவுக்குத்தான், இதற்கு அப்படி எல்லோரும் ஒப்புக்கொண்ட கோடு இல்லை.

(டி1 படம் வேறு, டி12 எலும்பு வேறு, டி-ஸ்கோர் வேறு. வருகிறவர்கள் மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.)

எனக்கு மறக்காதது ஒரு பெண்மணி. "எலும்புத் தேய்மானம்" என்று சீட்டில் எழுதி அனுப்பியிருந்தார்கள். டி1-ல் எலும்புகள் பக்கத்து டிஸ்க்கைவிடக் கறுப்பு. வெளுக்க வேண்டியது கறுத்திருந்தது, மஜ்ஜையில் வேறு ஏதோ கெட்டது நிறைந்திருக்கலாம். நான் எதையும் சொல்லக் கூடாது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, "எல்லாம் நல்லா வந்திருக்கா தம்பி?" என்றார். "படம் தெளிவா வந்திருக்கும்மா" என்றேன்.

கடைசிப்படி

ஊகம் என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். அளக்கிற டெக்ஸாதானே எங்களை ஏமாற்றியது? அம்மாவின் முதுகெலும்பு ஓரமெல்லாம் எலும்பு முளைகள். அதையும் சேர்த்து எண்ணி -1.1 என்றது. பிறகு தொடை எலும்புக் கழுத்தில் எடுத்தபோது -2.8. உங்கள் ஊகம்தான் சரியாகச் சொன்னது.

காந்த அறை

அப்படியென்றால் தொடையில் எடுத்த டெக்ஸா சரியாகத்தானே அளந்திருக்கிறது! முதுகு முளை விட்ட வயதில் தொடை எலும்பையும் சேர்த்துப் பார்க்காதது யார் தவறு? வேறு காரணத்துக்கு எடுத்த எம்.ஆர்.ஐ சந்தேகத்தைக் கிளப்பும், அது பெரிய லாபம். அதற்காக டெக்ஸாவைத் தூக்கிப் போட முடியாது. மருந்து வேலை செய்கிறதா என்று எதை வைத்துப் பார்ப்பீர்கள்?

வெயில்நேசி

என் மாமியாருக்கு மூன்று எலும்பு அமுங்கியது, இப்போது நடக்கிறார்.

தும்மல்காரன் அண்ணா, ஆண் என்றால் காரணத்தைத் தேடச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை மூன்று மாதத்துக்கு மேல் எடுத்தீர்களா? தைராய்டு, பாராதைராய்டு, டெஸ்டோஸ்டிரோன், வைட்டமின் டி, இதெல்லாம் பார்த்தாயிற்றா? மஜ்ஜைப் புற்றுநோயான மைலோமா இல்லை என்று உறுதி செய்தார்களா? குனிந்து காலைத் தொடும் பயிற்சி வேண்டவே வேண்டாம், முன்பக்கம்தான் நொறுங்கும். கனமான பொருளை இடுப்பை வளைத்து எடுக்காதீர்கள். எலும்பு கரைவதைத் தடுக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசி தொடங்கினால் தேதியைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தினால் அடர்த்தி சரசரவென இறங்கி ஒன்றுக்கு மேற்பட்ட முள்ளெலும்புகள் உடையலாம். நிறுத்துவதென்றால் வேறு மருந்துக்கு மாற்றிவிட்டுத்தான். பல் பிடுங்குவதாக இருந்தால் முதலில் சொல்லுங்கள். சுண்ணாம்புச் சத்து மாத்திரை மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உயரத்தை அளந்து பாருங்கள், இளமையில் இருந்ததைவிட 4 செ.மீ. குறைந்திருந்தால் முள்ளெலும்பு அமுங்கியிருக்கலாம்.

கடைசிப்படி

யோசனை யார் கேட்டது? நடந்ததைத்தானே சொல்லச் சொன்னேன்.

தும்மல்காரன்

இருக்கட்டும், கேட்டுக்கொள்கிறேன். ஸ்டீராய்டு உண்டு, ஆஸ்துமாவுக்கு, வருடக்கணக்கில்.

உயரம் பற்றிப் படித்ததும் பரணில் இருந்த பழைய உறையை எடுத்தேன். நாலு வருடத்துக்கு முன் டிஸ்க் பிதுக்கத்துக்காக எடுத்த எம்.ஆர்.ஐ. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கீழிருந்து மேலே எண்ணிக்கொண்டே போனேன். எல்5, எல்4, எல்3, எல்2. அடுத்தது எல்1. அதே ஆப்பு. அப்போதே இருந்திருக்கிறது. ரிப்போர்ட்டில் டிஸ்க்கைப் பற்றி ஒன்றரைப் பக்கம், எலும்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

படத்தைத் திரும்ப உறையில் போட மனம் வரவில்லை. இன்னும் ஜன்னலில்தான் சாய்த்து வைத்திருக்கிறேன்.